ஓடிய வண்டியும் நின்ற வண்டியும்



இத்திங்கள் இப்பகுதியில் ஒரு பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம். அச்சுப் பிழையாயிருப்பின் ஒரு வரியில் முடித்திருப்போம். இது நம் கருத்திலேயே நேர்ந்த பிழையாதலால், பக்கம் முழுவதையும் அதற்கே அளிக்கிறோம்.

சென்ற ஆண்டு, பழைய வண்டி வாங்குவோர்க்குச் சில குறிப்புகள் எழுதினோம். அவற்றுள் ஒன்று, ஓட்டக் கணக்கு ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியின் பக்கமே செல்லற்க என்பது. எழுதும்போது நமக்கு அதில் சிறிதும் ஐயம் இருந்ததில்லை. அந்த வரியைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புனே நகரில் வண்டி தேடப் புறப்பட்டார் நம் சங்கத்து அன்பர் ஒருவர். அவர் கையில் இருந்தது பணி ஓய்வின்போது கிடைத்த தொகையில் ஒரு பகுதி. அதனை இழந்தால் மீண்டும் ஈட்டும் வயது அவருக்கு இல்லை.

உல்லாசப் பயணம் அவருடைய நோக்கமன்று. அவருடைய அன்னையாருக்கு வயது 81. இடுப்பெலும்பு முறிந்து, அறுவை செய்து, கைத்தடியுடன் நடமாடுபவர். திருவையாற்றில் அவருடைய தமக்கையார் இருக்கிறார், வயது 86. நான்கு ஆண்டுகளாக இருவரும் சந்திக்கவில்லை. இரயிலில் கீழ்ப்படுக்கை கிடைத்துவிடும். ஆனால் ஆடும் பெட்டியில் கழிப்பறைவரை நடந்து செல்வது அந்த அம்மையாரால் இயலாது. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி உண்டு; திருச்சியில் இறங்கியபின் மூட்டு மடங்கி ஒன்றரை மணி நேரம் காரில் அமர்வதற்கு அவருக்கு அச்சம். "படுத்தபடியே போக வழி உண்டானால் நாளைக்கே வருகிறேன்" என்று அவர் ஒரு நாள் கூறினாராம். அந்தச் சொல்லே கேம்பர் வேன் என்னும் எண்ணத்தை மகன் உள்ளத்தில் ஊன்றியது.

வேனுக்குள்ளேயே படுக்கை, சிறு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மறைவாக ஒரு கழிப்பிடம் ஆகியவை அமைந்த வண்டியே கேம்பர் வேன். 2021ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசும் கேரள அரசும் காரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கைகளை வகுத்தன. புது வண்டியை வாங்கி உள்ளமைப்பையும் செய்து முடிப்பதென்றால் நம்மனோர்க்கு எட்டாத தொகை. ஆகவே அன்பர் பழைய வண்டிகளையே தேடினார். இரண்டு கிடைத்தன. இரண்டுமே டெம்போ டிராவலர் வண்டிகள். பஜாஜ் டெம்போ நிறுவனம் 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டும், ஊரார் நாவில் அது இன்றும் டெம்போவே.

முதல் வண்டி 2017ஆம் ஆண்டினது. ஓட்டம் 41,000 கிலோமீட்டர். கேட்ட விலை எட்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். வெள்ளை வண்ணம் கண்ணைப் பறித்தது; மெத்தையின் மேலுறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. இரண்டாவது வண்டி 2015ஆம் ஆண்டினது. ஓட்டம் 2,84,000 கிலோமீட்டர். கேட்ட விலை ஆறு லட்சத்து எண்பதாயிரம். முகப்பில் கல் தெறித்த வடுக்கள். கதவோரம் வண்ணம் மங்கியிருந்தது.

அன்பர் நம்மிடம் வந்தார். நாமும் உடன் சென்று பார்த்தோம். "இதில் ஆராய என்ன இருக்கிறது? முதல் வண்டியையே முடித்துவிடுங்கள்" என்று கூறினோம். முன்பணம் கொடுக்கக் குறித்த நாளுக்கு முந்திய நாள், அவருடைய மனைவியார்தாம் தடுத்தார். "எழுதுகிறவர் சொன்னது போதும், வண்டியைப் பிரித்துப் பார்க்கிறவர் ஒருவரையும் கேட்டுவிடுங்கள்" என்பது அவர் வாக்கு. நம் காதுக்கு அது அன்று இனிமையாக ஒலிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம்.

கடுகி என்னும் கண்டோன்மெண்டுப் பகுதியில், தமிழ் பேசும் முதிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பட்டறைப் பிள்ளைகள் அவரை உஸ்தாத் என்றழைப்பர். அவரை அழைத்துக்கொண்டு முதல் வண்டியிடம் மீண்டும் சென்றோம். அவர் மீட்டரைப் பார்க்கவே இல்லை. வண்டியின் அடியில் படுத்தார், சக்கரங்களைத் தட்டினார், டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைக் கைவிளக்கால் படித்தார். அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், பின் இரண்டும் ஆண்டையும் குறிப்பவை. 1117 என்றிருந்தது. அஃதாவது, 2017ஆம் ஆண்டின் பதினோராம் வாரத்தில் வார்த்த டயர்கள். ஓட்டம் குறைவாதலால் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. ஆனால் பக்கச் சுவர்களில் மயிரிழை போன்ற வெடிப்புகள் நிறைந்திருந்தன.

"மீட்டரை யாரேனும் திருப்பியிருப்பார்களோ?" என்று வினவினோம். மிதிகட்டையின் ரப்பர், ஓட்டுநர் இருக்கை, ஸ்டீயரிங் சக்கரத்தின் தேய்மானம் ஆகிய மூன்றையும் அவர் பார்த்தார். "இல்லை ஐயா, எண் உண்மையானதுதான். 2020இல் நின்ற வண்டி, நின்றபடியே இருந்திருக்கிறது. அதுதான் இதன் நோய்" என்றார்.

நின்ற வண்டிக்கு நோயா என்று நாம் வியந்தோம். அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாது விட்டால், அந்த ஈரமே பிரேக் சிலிண்டர்களின் உட்புறத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். இவ்வண்டியின் பின்சக்கரம் ஒன்று கையால் சுழற்றச் சுழலவில்லை. டீசல் தொட்டியின் அடியில் நீர் தேங்கியிருந்தது. வடிகட்டியைக் கழற்றியபோது கருநிறப் பாசி போன்ற சகதி வந்தது. எண்ணெயில் நனைந்தபடி இருக்க வேண்டிய ரப்பர் வளையங்கள் உலர்ந்து கசிந்தன. இருக்கையின் கீழே எலி கூடு கட்டி, மின்கம்பிகளின் உறையைக் கடித்திருந்தது. உள்ளமைப்புக்கான பேட்டரி அறவே உயிரற்றது. மேற்கூரைக் காற்றுப்போக்கியின் விளிம்பு வழியே நான்கைந்து மழைக்காலத்து நீர் இறங்கி, பளபளக்கும் பலகைக்குப் பின்னிருந்த ஒட்டுப்பலகை விரலால் அழுத்தவே உள்வாங்கியது. இவற்றைச் செப்பனிட இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்று உஸ்தாத் கணித்தார். அதன்பின்னும், மலைச்சாலையில் அந்தப் பிரேக்கை நம்பி முதியவரைப் படுக்கவைத்து அழைத்துச் செல்லத் தாம் சம்மதியேன் என்றார்.

அன்பர் நம்மைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சட்டைப்பையில் இருந்த கத்தரிப்பு நம் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது வண்டியின் உரிமையாளர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர், மராட்டியர். கிராமப் பள்ளிகளுக்கு அறிவியல் கருவிகளை ஏற்றிச் சென்று குழந்தைகளுக்குச் செய்துகாட்டுவதற்காகவே இவ்வண்டியை வாங்கினார்களாம். கொங்கணம், மராத்வாடா, விதர்ப்பம் என்று பத்தாண்டுகள் சுற்றியிருக்கிறார்கள். இரவில் பள்ளி மைதானத்திலேயே வண்டியில் உறங்குவார்களாம். கணவருக்குக் கண்பார்வை குன்றியதால் விற்கிறார்கள். நாம் கேட்குமுன்பே அந்த அம்மையார் குறைகளைச் சொல்லத் தொடங்கினார். காலையில் இரண்டாவது கியர் சற்றே உரசும், குளிர்ப்பெட்டி வலுவிழந்துவிட்டது, 2022இல் கூரை ஒழுகியது, அடைத்தோம், அடைத்த இடம் இது என்று காட்டினார். விற்பவர் தம் பொருளின் குறையைத் தாமே கூறுவதை நம் அனுபவத்தில் அதிகம் கண்டதில்லை.

பின்னர் உள்ளே சென்று மூன்று தடித்த நோட்டுப் புத்தகங்களை எடுத்துவந்தார். நாம் இக்கட்டுரை எழுத நேர்ந்ததே அந்த நோட்டுகளால்தான். டீசல் ஊற்றிய ஒவ்வொரு முறையும் நாள், ஊர், மீட்டர் எண், லிட்டர் ஆகியவை மராத்தி இலக்கங்களில் எழுதப்பட்டிருந்தன. எண்ணெய் மாற்றிய நாள்கள் சிவப்பு மையில் இருந்தன. கிளட்ச் தட்டு, முன்சக்கரத் தாங்கிகள், குளிர்நீர்க் குழாய்கள் என்று எதை எந்த எண்ணில் மாற்றினார்கள் என்பதும், அதற்கான பட்டறை ரசீதும் பக்கத்திலேயே ஒட்டப்பட்டிருந்தன. உஸ்தாத் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் படித்தார். லிட்டருக்குப் பத்தரைக் கிலோமீட்டர் அளவிலேயே வண்டி ஆண்டுதோறும் ஓடியிருக்கிறது. 2021ஆம் ஆண்டின் நடுவில் மட்டும் அது ஒன்பதுக்குக் கீழே இறங்குகிறது. இரண்டு பக்கம் தள்ளிச் சிவப்பு மையில் இன்ஜெக்டர்கள் செப்பனிட்ட குறிப்பு. அதற்கடுத்த வரியிலேயே மீண்டும் பத்தரை. "இந்த வண்டிக்குக் காய்ச்சல் வந்த நாளும் தெரிகிறது, மருந்து கொடுத்த நாளும் தெரிகிறது" என்றார் உஸ்தாத்.

இங்கே ஒரு சிறு கணக்கு சொல்வோம். எஞ்சின் தேய்வது சுழலும் நேரத்தால். சக்கரம் கடந்த தொலைவு அதனை ஓரளவே காட்டும். மாவட்டச் சாலைகளில் மணிக்குச் சராசரி 45 கிலோமீட்டர் சென்ற வண்டி 2,84,000 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 6,300 மணி நேரம் ஆகும். நகர நெரிசலில் மணிக்கு 15 கிலோமீட்டர் ஊர்ந்து செல்லும் ஒரு வண்டி, அதே 6,300 மணி நேரத்தில் 95,000 கிலோமீட்டரைத்தான் காட்டும். அதற்குமேல், நகர வண்டி கிளட்சை மிதித்த எண்ணிக்கையும் பிரேக் பிடித்த எண்ணிக்கையும் பன்மடங்கு. நம் பழைய விதிப்படி 95,000 ஓடிய வண்டி தேறிவிடும். 2,84,000 ஓடியது தள்ளப்படும். இவ்வளவு எளிய வகுத்தல் கணக்கை எழுதுமுன் போட்டுப் பார்க்கவில்லையே என்று வெட்கமுறுகிறோம்.

ஆயினும், நீள ஓடிய வண்டிகளெல்லாம் நல்லவை என்று எழுதி இரண்டாவது பிழை செய்யோம். ரசீதும் குறிப்பும் இல்லாத 2,84,000 கிலோமீட்டர் வெறும் அச்சுறுத்தலே. நோட்டு நன்றாயிருந்தாலும் வண்டி அதற்குச் சான்று பகர வேண்டும். அதற்காக மறுநாள் காலை மீண்டும் சென்றோம்.

முன்னரே எஞ்சினைச் சூடாக்கி வைக்கலாகாது என்று உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டோம். உஸ்தாத் முதலில் எஞ்சின்மீது கை வைத்துக் குளிர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டே சாவியைத் திருப்பினார். நொடிப்பொழுதில் உயிர் பெற்றது. குளிர்ந்த டீசல் எஞ்சின் தொடக்கத்தில் சிறிது வெண்புகை விடுவது இயல்பு. சூடேறியபின்னும் வெண்புகையோ நீலப்புகையோ நீடித்தால் கவலைக்கிடம். நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதன் அறிகுறி. இங்கே புகை அடங்கிவிட்டது. எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையைக் காட்டினார். மெல்லிய ஆவியே வந்தது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் காற்று குபுகுபுவென்று வெளியே தள்ளுமாம்.

அதன்பின், தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, நாம் ஐவரும் ஏறிக்கொண்டு, காத்ரஜ் மலைச்சாலையில் வண்டியைச் செலுத்தினோம். ஏற்றத்தில் வெப்பமுள் இருந்த இடத்திலேயே நின்றது. உயர்ந்த கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தியபோது எஞ்சினின் இரைச்சல் மட்டும் ஏறி வேகம் ஏறாதிருந்தால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். இங்கே சிறிதளவு வழுக்கிற்று. இரண்டாவது கியர், அம்மையார் சொன்னபடியே, சூடேறும்வரை உரசியது. இறக்கத்தில் பிரேக் எப்பக்கமும் இழுக்கவில்லை.

திரும்பும் வழியில் எடைமேடை ஒன்றில் ஏற்றி நிறுத்தச் சொன்னார் உஸ்தாத். நாம் இதனை எதிர்பார்க்கவில்லை. கட்டில், அலமாரி, பேட்டரி என்று ஏற்றிக்கொண்டே போகிறவர்கள், பதிவுச் சான்றில் குறித்த மொத்த எடையை வண்டி மிஞ்சிவிட்டதா என்று பார்ப்பதே இல்லையாம். நூறு லிட்டர் தண்ணீரே நூறு கிலோ அல்லவா! இவ்வண்டி வரம்புக்குள் இருந்தது.

உள்ளமைப்பில் அவர் கடுமை காட்டியது சமையல் எரிவாயு பற்றியே. அவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரைமட்டத்தில் தேங்கும். எனவே சிலிண்டர் வைக்கும் அறைக்குத் தரையிலேயே வெளிப்புறம் திறந்த துவாரம் இருத்தல் வேண்டும். மேலே சன்னல் இருக்கிறதென்று ஆறுதல் கொள்ளலாகாது. இவ்வண்டியில் துவாரம் இருந்தது. ரப்பர்க் குழாய் மட்டும் காலங்கடந்தது. அதனை அங்கேயே கழற்றி வெட்டிப் போட்டுவிட்டார், வேறெவரும் எடுத்துப் பொருத்திவிடாதபடி.

இனி, ஆவணங்கள். இவ்விடத்தில் ஏமாந்தவர்கள் பலர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, வண்டியின் அமைப்பை மனம்போன போக்கில் மாற்றுதல் கூடாது. இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட்டிருந்தால், பதிவுச் சான்றிலும் அவ்வண்டி கேம்பர் வேன் அல்லது காரவன் என்னும் வகையில் ஏறியிருக்க வேண்டும். பதின்மூன்று இருக்கைப் பயணிகள் வண்டி என்று சான்று கூற, உள்ளே கட்டில் கிடந்தால், விபத்து நேர்ந்த நாளில் காப்பீட்டு நிறுவனத்துடன் வாதாட நேரும். மஞ்சள் பலகை கொண்ட வாடகை வண்டியை வாங்குவோர், அனுமதியைத் திருப்பி ஒப்படைத்துத் தனியார் வண்டியாக மாற்றிய பின்னரே பணத்தை முழுதும் தருதல் நன்று. மத்திய அரசின் வாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் தகுதிச் சான்று, காப்பீடு, வங்கிக் கடன் உள்ளதா என்பனவெல்லாம் தெரியும். செலுத்தாத அபராதங்களையும் இணையத்திலேயே பார்த்துவிடலாம். கடன் தீர்ந்திருப்பின் படிவம் 35, உரிமை மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. வேறு மாநிலத்துக்குக் கொண்டுசெல்வதாயின் படிவம் 28இல் தடையின்மைச் சான்று. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு கட்டாயம். காப்பீட்டில், பிறருக்கு நேரும் இழப்புக்கான பகுதி வாங்கியவர் பெயருக்குத் தானே மாறிவிடும். நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பகுதியோ மாறாது. அதற்கு 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதனைப் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர்.

தலைநகரில் வாழும் அன்பர்களுக்கு ஒரு சொல். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் தில்லி வட்டாரத்தில் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இலும், உச்ச நீதிமன்றம் 2018இலும் ஆணையிட்டன. அதனை நடைமுறைப்படுத்துவது குறித்து 2025இலும் புதிய ஆணைகள் பிறந்தன. வாங்கும் நாளில் உள்ள நிலையைக் கேட்டறியாமல் அங்கே பழைய டீசல் வேனில் கை வைக்கற்க.

பேரம் நீளவில்லை. ஆறு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு முடிந்தது. முதல் வண்டிக்கென ஒதுக்கியதில் மிஞ்சியதிலிருந்து ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை அன்பர் தனியே வைத்தார். அதில் கிளட்ச், நான்கு டயர்கள், உள் பேட்டரி, குழாய்கள் எல்லாம் முடிந்தன. எவரும் எண்ணிப் பாராத குறை ஒன்று இறுதியில் தெரிந்தது. பக்கவாயிலின் படி தரையிலிருந்து மிக உயரம். அன்னையார் கால் எட்டவில்லை. உஸ்தாத் தம் பட்டறையிலேயே மடக்குப் படி ஒன்றும், இருபுறமும் கைப்பிடியும் செய்து பொருத்தினார். அதற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

ஒப்படைத்த நாளில் அம்மையார் மூன்று நோட்டுகளையும் சாவியோடு கொடுத்தார். மூன்றாவதில் பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

புனேயிலிருந்து கோலாப்பூர், பெல்காம் வழியாக முதல் இரவு ஹூப்ளி. மறுநாள் சித்ரதுர்க்கம், பெங்களூர் கடந்து கிருஷ்ணகிரி. மூன்றாம் நாள் பிற்பகல் திருவையாறு. தொலைவு 1,250 கிலோமீட்டர், டீசல் 122 லிட்டர். தாவணகெரேக்கு அருகே ஒரு பஞ்சர். அன்பர் இவற்றைத் தமிழில் அந்த நோட்டிலேயே எழுதி, அப்பக்கத்தின் படத்தை நமக்கு அனுப்பியிருக்கிறார். தமக்கையார் வீட்டுத் திண்ணைக்கு ஐந்து உயரமான படிகளாம். தங்கையால் ஏற இயலவில்லை. ஆகவே அந்த மூதாட்டியே பேரனைப் பற்றிக்கொண்டு தெருவில் இறங்கி, மடக்குப் படியில் கால் வைத்து வண்டிக்குள் ஏறினாராம். விளக்கு வைக்கும்வரை இருவரும் கட்டிலில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள் என்றும், காபியை வண்டிக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.